'மானம்' என்றொரு சட்டச் சொல்

பெண்கள் அமைப்பொன்றில் வேலை செய்யும் தோழி, பயிற்சி முகாமில் கொடுப்பதற்காகச் சர்வதேசச் சட்டப் பகுதிகள் சிலவற்றைத் தமிழாக்கி, "நீதான் தமிழ் எம்.ஏ. ஆச்சே, பார்த்துக் கொடு" என்று என் தலையில் கட்டினாள். 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை, 27ஆம் பிரிவில் வந்து மாட்டிக்கொண்டேன். போரில் பெண்களை எதிலிருந்து காப்பது என்று சொல்லும் பிரிவு அது. வல்லுறவு, கட்டாய விபச்சாரம், பிற பாலியல் தாக்குதல்கள் எல்லாவற்றையும் ஒரே குடையின்கீழ் வைக்கிறது: பெண்ணின் 'ஆனர்' மீதான தாக்குதல்கள். தோழி அந்த இடத்தில் 'உடல்' என்று எழுதியிருந்தாள்.

'ஆனரை'த் தமிழில் என்ன செய்வது? கண்ணியம் என்றால் சொல் சுத்தமாகிவிடும், பிரச்சினை ஒளிந்துகொள்ளும். கௌரவம் என்றால் மீசை ஞாபகத்துக்கு வருகிறது. மானம்தான். நம்முடைய பத்திரிகைகள் வெகுகாலம் 'கற்பழிப்பு' என்றே எழுதிக்கொண்டிருந்தன. பெண்ணியவாதிகள் சண்டை போட்டுத்தான் 'வல்லுறவு' என்ற சொல்லை உள்ளே கொண்டுவந்தார்கள். கற்பு, மானம் என்பதெல்லாம் ஏதோ நம்முடைய நிலப்பிரபுத்துவ மிச்சம், ஐரோப்பியச் சட்டம் அதையெல்லாம் தாண்டிப்போய்விட்டது என்று நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு இருக்கிறது. தாண்டவில்லை. 1907 ஹேக் விதிகளின் 46ஆம் பிரிவு பெண் என்றுகூடச் சொல்வதில்லை, 'குடும்ப மானம்' என்கிறது. 1949இல் அந்த மானம் பெண்ணிடம் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். அதே உடன்படிக்கையின் 147ஆம் பிரிவு கடும் மீறல்களைப் பட்டியலிடுகிறது: கொலை, சித்திரவதை, சட்டவிரோதமாய் நாடுகடத்தல். சொத்தை அழிப்பதுகூட இருக்கிறது. வல்லுறவு என்ற சொல் இல்லை.

ஹிலரி சார்ல்ஸ்வர்த், கிறிஸ்டின் சின்கின், ஷெல்லி ரைட் மூவரும் 1991இல் அமெரிக்கச் சர்வதேசச் சட்ட ஆய்விதழில் எழுதிய கட்டுரை கை வைத்தது இந்த இடத்தில்தான். அவர்கள் கேட்டது பெண்களுக்கு இன்னும் நாலு சட்டம் அல்ல. பொது/தனி என்று உலகை இரண்டாகக் கிழித்து, பொதுவை மட்டும் சட்டத்தின் விஷயமாக்கிய அந்தக் கிழிசலையே கேள்வி கேட்டார்கள். 1984 சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையைப் பாருங்கள். அரசு அதிகாரியின் கையோ சம்மதமோ இருந்தால்தான் அங்கே அது சித்திரவதை. காவல்நிலையத்தில் விழும் அடிக்கு அந்தப் பெயர் உண்டு, அடுப்படியில் விழும் அடிக்கு இல்லை.

பிறகு ருவாண்டா. 1994 இனப்படுகொலைக்காக ஐ.நா. அமைத்த தீர்ப்பாயத்தில், டாபா ஊரின் மேயர் ழான்-போல் அகாயேசு மீதான முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை கிடையாது. 1997இல் சாட்சி சொல்ல வந்த ஒரு பெண், தன்னுடைய ஆறு வயது மகளுக்கு நடந்ததைச் சொன்னாள். மூன்று நீதிபதிகளில் ஒரே பெண்ணான நவநீதம் பிள்ளை மேலே கேட்டார். பெண்கள் அமைப்புகள் மனுக் கொடுத்தன. அந்த ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. (டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளிப் பெண் என்பதால் 'நம்ம ஆளு' என்று மார்தட்ட இங்கே ஆள் கிடைக்கும். நிறவெறி ஆட்சியில் போராளிகளுக்காக வழக்காடிய அனுபவம் அவரைக் கேட்க வைத்தது என்று நினைக்கவே எனக்குப் பிடித்திருக்கிறது.) 1998 செப்டம்பர் 2 தீர்ப்பு, எந்த உறுப்பு, எந்தப் பொருள் என்று இயந்திரத்தனமாய்ப் பட்டியல் போடுவதை மறுத்தது, வற்புறுத்தும் சூழலில் ஓர் ஆள்மீது நடக்கும் பாலியல் தன்மையுள்ள உடல் அத்துமீறல் என்று வல்லுறவை வரையறுத்தது. அதில் மானம் இல்லை. வல்லுறவு இனப்படுகொலையின் வழியாகவும் இருக்க முடியும் என்று முதன்முதலாகத் தீர்ப்பானதும் அங்கேதான்.

இதை வெற்றி என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் பேசிக்கொண்டு திரிந்தேன். ஆனால் தீர்ப்பை ஒரு பிரதியாக வைத்து மறுபடி வாசித்தால் உறுத்துகிறது. வல்லுறவு எப்படி இனப்படுகொலை ஆகிறது? ஒரு இனக்குழுவை அழிக்கும் நோக்கத்தோடு நடக்கும்போது. பிறப்பைத் தடுக்கும் வழியாக அது எப்படி ஆகும் என்பதற்குத் தீர்ப்பு தரும் விளக்கம் இன்னும் கூர்மையானது: தந்தைவழிச் சமூகத்தில் குழந்தை அப்பனின் இனத்தைச் சேரும்; வேற்றினத்தான் கர்ப்பமாக்கினால், பிறப்பது தாயின் இனக்குழுவைச் சேராது. ஆக, பெண்ணுக்கு நடந்ததைச் சட்டம் உச்சபட்சக் குற்றமாகப் பார்க்கவேண்டுமானால், தந்தைவழி விதியை உள்ளபடியே ஏற்றுத்தான் பார்க்க முடிகிறது. வாசல் வழியாகத் துரத்திய மானம் 'இனம்' என்று பெயர் மாற்றிக்கொண்டு கொல்லைப்புறமாக வந்துவிட்டது. சொந்த இனத்தானே செய்தால்? அதே செயல், அதே உடல். ஆனால் இனப்படுகொலை என்ற கதையாடலுக்குள் அவளுக்கு இடம் இல்லை.

நீதிபதிகளைக் குறை சொல்லவில்லை. 1948 இனப்படுகொலை உடன்படிக்கை காப்பது குழுக்களை, அவர்கள் கையில் இருந்த கருவி அது. வேறு வழியும் இருந்தது. 2001 பிப்ரவரியில், ஃபோச்சா நகரக் கொடுமைகள் பற்றிய வழக்கில் முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான தீர்ப்பாயம், வல்லுறவு மீறுவது பாலியல் தன்னுரிமையை என்றது. அங்கே கேள்வி அவள் விருப்பம் பற்றியது, அவள் யாருடைய மகள் என்பது பற்றியது அல்ல. எனக்கு இந்தத் தீர்ப்புதான் பெரிதாகப் படுகிறது. அகாயேசு அளவுக்கு நம் மேடைகளில் இதைப் பேசுவதில்லை. இனப்படுகொலை என்ற சொல்லின் கனம் அப்படி.

இன்னொன்று. பெண் என்றாலே பாதிக்கப்பட்டவள் என்ற தன்னிலையை மட்டும் கட்டித்தரும் சொல்லாடல் இது என்று பெண்ணியவாதிகளே எதிர்த்து எழுதியிருக்கிறார்கள். ருவாண்டாவில் குடும்ப, மகளிர் நலத்துறை அமைச்சராக இருந்த போலின் நியிராமாசுஹூகோ, வல்லுறவு உள்ளிட்ட குற்றங்களுக்காக 2011இல் தண்டிக்கப்பட்டார். அவரை எந்தப் பத்தியில் எழுதுவது என்று நம்முடைய பயிற்சி முகாம் குறிப்புகளுக்கு இன்னும் தெரியவில்லை.

தோழியின் தாளில் 'உடல்' என்பதை அடித்துவிட்டு 'மானம்' என்று எழுதினேன். சட்டம் அப்படித்தான் சொல்கிறது, அதன் அசிங்கத்தை நாம் ஏன் கழுவித்தர வேண்டும் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "நீ எழுதினதை எடுத்துட்டுப்போயி ஸ்டேஷன்ல ஒரு இன்ஸ்பெக்டர்கிட்ட நான் காட்டணும். மானம்னு படிச்சதும் அந்தாளு என்ன கேப்பான்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது." பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் 'மானம்' அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு அடிக்குறிப்பு எழுதலாம் என்று முடிவானது. அடிக்குறிப்பு இப்போது மூன்று பக்கத்தைத் தாண்டிவிட்டது, முகாம் அடுத்த வாரம்.