வேறு ஜெர்சியில் பார்க்கும் கண்

இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி கால்பந்து கிளப்புக்கு ஆள் தேடும் ஸ்கவுட் வேலையில் இருந்த ஸ்டீவ் வால்ஷ் பிரான்ஸின் லே ஹாவ்ர் அணியின் ஆட்டத்தைப் பார்க்கப் போனது ரயான் மெண்டிஸ் என்ற வீரருக்காக. கண் போய் நின்றது வேறொருவர் மேல். குச்சி போன்ற உடம்பு. தோளோடு தோள் மோதினால் விழுந்துவிடுவார் என்று தோன்றும். ஆனால் பந்து அவர் இடது காலுக்கு வந்து அடங்கும்போது எதிரே நிற்கும் தடுப்பாட்டக்காரருக்கு எந்தப் பக்கம் சாய்வதென்று தெரியவில்லை. அவர்தான் ரியாத் மஹ்ரேஸ். 2014 ஜனவரியில், பிரான்ஸின் இரண்டாம் டிவிஷனிலிருந்து ஐந்து லட்சம் பவுண்டுக்கும் குறைவான விலையில் லெஸ்டர் அவரை எடுத்தது. லெஸ்டர் என்றால் ரக்பி கிளப் என்றுதான் நினைத்திருந்தேன் என்று மஹ்ரேஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார். லெஸ்டர் 2015-16 பருவத்தில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் பட்டத்தை வென்றபோது, 17 கோல் அடித்திருந்த மஹ்ரேஸைத்தான் சக வீரர்கள் ஆண்டின் சிறந்த வீரராக வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள்.

மஹ்ரேஸின் கால் வித்தையை அரங்கத்தில் உட்கார்ந்திருந்த எல்லோரும்தான் பார்த்தார்கள். அதைப் பார்க்கத் தனிக் கண் வேண்டாம். வால்ஷ் பார்த்தது அந்த அரங்கத்தில் இல்லாத ஒன்றை. இதே ஆள் இங்கிலாந்தில், இன்னும் வேகமான ஆட்டத்தில், இன்னும் முரட்டுத்தனமான தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே, நீல ஜெர்சியில் எப்படி இருப்பார் என்று பார்த்தார். ஆடுகிறவரை அவர் ஆடும் இடத்திலிருந்து பெயர்த்தெடுத்து, இன்னும் போகாத இடத்தில் நிறுத்திப் பார்ப்பது. இந்த வேலையில் கலை என்று நான் மதிப்பது இதைத்தான்.

புதிய பயிற்சியாளரை அமர்த்தினால் கிளப் அவரை மைதானத்தில் நிறுத்தி, கழுத்தில் துண்டு போட்டுப் படம் எடுக்கும். புதிய வீரர் சேர்ப்புத் தலைவரை அமர்த்தினால் விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தில் நாலு வரி வரும். நான் தேடிப் படிப்பது அந்த நாலு வரியை. பயிற்சியாளர் இந்தப் பருவத்தின் ஆள். வீரர் சேர்ப்புத் தலைவரோ மூன்றாண்டு கழித்து அந்த மைதானத்தில் யார் யார் ஓடப்போகிறார்கள் என்பதை இன்றைக்கே எழுதத் தொடங்குகிறவர்.

லெஸ்டரின் அந்தப் பட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி கான்டே வந்த கதை. என்கோலோ கான்டே அப்போது கான் என்ற சிறிய பிரெஞ்சு கிளப்பின் நடுக்கள வீரர். ஐந்தரை அடி உயரம். எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பதில் அந்த லீகிலேயே முன்வரிசையில் இருந்தார் என்று எண்கள் சொல்லின. புதிதாக வந்திருந்த பயிற்சியாளர் கிளாடியோ ரனியேரிக்கோ, இவ்வளவு சிறிய உடம்பு இங்கிலாந்தில் தாங்குமா என்ற தயக்கம். வால்ஷ் விடவில்லை, பார்க்கும்போதெல்லாம் கான்டே, கான்டே என்று ஓதிக்கொண்டே இருந்தாராம். இதை ரனியேரியே சொல்லிச் சிரித்திருக்கிறார். 2015ல் 56 லட்சம் பவுண்டுக்குக் கான்டே வந்தார். அடுத்த ஆண்டு பட்டம். அதற்கடுத்த ஆண்டு செல்சிக்குப் போய் அங்கேயும் பட்டம். 2018ல் பிரான்ஸுக்காக உலகக் கோப்பை.

பார்த்தால் மட்டும் போதாது. பார்த்ததற்காக வீட்டுக்குள்ளேயே வாதாடவும் வேண்டும். இந்தப் பிடிவாதத்தையும் திறமையின் ஒரு பாதியாகவே எண்ணுகிறேன். எத்தனையோ ஸ்கவுட்டுகள் சரியான பெயரைக் குறிப்பேட்டில் எழுதியிருப்பார்கள். அந்தப் பெயர் அங்கேயே மடிந்திருக்கும்.

இங்கிலாந்தில் இந்தக் கலைக்குப் பழைய மரபு உண்டு. 1967ல் லிவர்பூல் பயிற்சியாளர் பில் ஷாங்க்லி, அந்தக் கிளப்பின் பழைய வீரர் ஜெஃப் ட்வென்டிமேனைத் தலைமை ஸ்கவுட்டாக அமர்த்தினார். ட்வென்டிமேன் 1986 வரை அந்த வேலையில் இருந்தார். மழையிலும் குளிரிலும் கீழ் டிவிஷன் மைதானங்களுக்குப் போய்ப் பார்த்ததையெல்லாம் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்தார். பார்டிக் திசிலிலிருந்து ஒரு லட்சம் பவுண்டுக்கு ஆலன் ஹான்சன், செஸ்டரிலிருந்து மூன்று லட்சத்துக்கு இயன் ரஷ் என்று அந்த நோட்டுகளிலிருந்து நடந்து வந்தவர்கள் பலர். ஹான்சனை அதே லிவர்பூல் சிறுவயதில் சோதித்துப் பார்த்து வேண்டாமென்று திருப்பி அனுப்பியிருந்தது. வேண்டாமென்ற பெயரை மறுபடி எடுத்துப் படிக்கும் மனசும் ஒரு கிளப்புக்கு வேண்டும்.

இந்தக் கலையில் இன்றைய பெரிய வித்வான் யாரென்று என்னைக் கேட்டால் தயங்காமல் மோன்சி என்பேன். முழுப் பெயர் ரமோன் ரோட்ரிகஸ் வெர்தேஹோ. ஸ்பெயினின் தெற்கே, காதிஸ் பக்கத்து சான் ஃபெர்னாண்டோவில் பிறந்தவர். செவில்லா அணியின் கோல்கீப்பர், அதுவும் பெரும்பாலும் மாற்று கோல்கீப்பர். 1999ல் கையுறையைக் கழற்றினார். அடுத்த ஆண்டு செவில்லா கடனோடு இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. அந்த நேரத்தில்தான், வீரர்களை வாங்கி விற்கும் ஸ்போர்ட்டிங் டைரக்டர் வேலை அவர் கைக்கு வந்தது. உட்கார்ந்து ஆட்டம் பார்த்தே ஆட்டக்காலத்தைக் கழித்த ஒருவரிடம் அந்த வேலையைக் கொடுத்ததை நான் தற்செயலாக நினைக்கவில்லை. பெஞ்சில் இருக்கும் கோல்கீப்பர் அளவுக்கு முழு மைதானத்தையும் முழு நேரமும் பார்க்கிறவர் அணியில் வேறு யார்?

அவருடைய முறையை அவரே பேட்டிகளில் விளக்கியிருக்கிறார். செவில்லாவில் பருவத்தின் முதல் ஐந்து மாதம் அவரது ஸ்கவுட்டுகள் குறிப்பிட்ட ஆள் எவரையும் தேடியதில்லை. ஆளுக்குச் சில லீகுகளைப் பிரித்துக்கொண்டு சும்மா பார்ப்பார்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு லீகுக்கும் சிறந்த பதினொருவர் பட்டியல் ஒன்று போடுவார்கள். டிசம்பர் வந்ததும், அந்தப் பட்டியல்களில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் பெயர்களை எடுத்துக்கொண்டு, அவர்களைச் சொந்த ஊரில், வெளியூரில், நாட்டு அணிக்கு ஆடும்போது என்று வெவ்வேறு சூழலில் பார்க்கத் தொடங்குவார்கள்.

தேவை என்ற ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் கண் தேவையைத்தான் பார்க்கும். இடது பின்கள வீரர் வேண்டும் என்று போகிறவருக்கு இடது பின்கள வீரர்களாகவே தெரிவார்கள். ஐந்து மாதம் வேண்டுதல் எதுவும் இல்லாமல் பார் என்று சம்பளம் கொடுத்து அனுப்புவது எவ்வளவு பெரிய துணிச்சல்! வெளியூர் ஆட்டத்தில் பார்ப்பதும் அப்படித்தான். சொந்த ஊர்க் கூட்டம் கத்தும்போது பத்து பேரில் எட்டு பேர் தைரியசாலிகள். இரண்டு கோல் பின்தங்கி, அடுத்தவர் ஊரில், எண்பதாவது நிமிடத்தில் பந்தைக் கேட்டு ஓடுகிறாரா ஒளிகிறாரா என்று பார்த்தால்தான் ஆள் தெரிவார்.

எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் கன்றின் சுழியும் குளம்பும் பார்த்து, இது நாளைக்கு எப்படிப்பட்ட காளையாகும் என்று சொல்கிற பெரியவர்கள் உண்டு. அவர்களில் தேர்ந்தவர் கன்றை மட்டும் பார்த்துப் பதில் சொல்லமாட்டார். உன் நிலம் களியா மணலா என்று முதலில் கேட்பார். மோன்சியும் அந்தத் தேர்ந்தவர் வகை.

அவர் செவில்லாவுக்குக் கொண்டுவந்தவர்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். பிரேசிலின் பாஹியாவிலிருந்து பத்தொன்பது, இருபது வயதில் வந்த டானி ஆல்வெஸ், 2008ல் முப்பது மில்லியன் யூரோவுக்கு மேல் பார்சிலோனாவுக்குப் போனார். 2011ல் ஷால்கவிலிருந்து சொற்பத் தொகைக்கு வந்த இவான் ராகிடிச், 2014ல் செவில்லாவின் கேப்டனாக யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கிவிட்டுப் பார்சிலோனாவுக்குப் போய், அடுத்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக் இறுதியில் முதல் கோலை அடித்தார். இப்படி வாங்கி வளர்த்து விற்ற கணக்கைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். என் ரசனைக்கு அதைவிட உயர்ந்தது 2005ல் அவர் எடுத்த இரண்டு முன்கள வீரர்கள். டாட்டன்ஹாமில் வெளிச்சம் மங்கியிருந்த ஃபிரெடெரிக் கனூத்தே. போர்ட்டோவில் சோபிக்காமல் இருந்த லூயிஸ் ஃபாபியானோ. இருவரும் புதுமுகங்கள் அல்லர். எல்லோரும் பார்த்துவிட்டு முடிவு கட்டிவிட்ட ஆட்கள். அந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை மோன்சி பார்த்தார். 2006லும் 2007லும் செவில்லா யூஇஎஃப்ஏ கோப்பையை வென்றது. கனூத்தே 2007ன் சிறந்த ஆப்பிரிக்க வீரரானார். புதுத் திறமையைக் கண்டுபிடிப்பதைவிட, மங்கிய திறமை எந்த இடத்தில் மறுபடி ஒளிரும் என்று கண்டுபிடிப்பது அரிது.

அப்படியானால் இத்தகைய கண்ணை ஒரு கிளப் சம்பளம் கொடுத்து இன்னொரு கிளப்பிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியுமா? அந்த நாலு வரிச் செய்தியை நான் தேடிப் படிக்கக் காரணமே இந்தக் கேள்விதான்.

வால்ஷை 2016ல் எவர்ட்டன் அழைத்துக்கொண்டது. பதவி பெரிது, பணம் மிகப் பெரிது. அவர் கண் பழுதாகவில்லை என்பதற்கு அந்த முதல் கோடையே சாட்சி: ஆஸ்டன் வில்லாவிலிருந்து இத்ரிசா குயே, ஷெஃபீல்ட் யுனைடெட்டிலிருந்து பத்தொன்பது வயது டொமினிக் கால்வர்ட்-லூயின், இரண்டும் நல்ல தேர்வுகள். ஆனால் 2017 கோடையில் எவர்ட்டன் ரூனி, கிளாசன், சிகுர்ட்சன் என்று ஏறக்குறைய ஒரே இடத்தில் ஆடுகிற மூன்று பேரை வாங்கிக் குவித்தது. விற்றுவிட்ட லுகாக்குவின் இடத்துக்கு ஏற்ற முன்கள வீரர் வரவில்லை. ஒரே வீட்டில் ஆளுக்கொரு கடைப் பட்டியல் எழுதியது போன்ற சேர்க்கை அது. 2018ல் வால்ஷ் வெளியேறினார். லெஸ்டரில் அவர் உதவிப் பயிற்சியாளராகவும் இருந்தவர். தான் எடுத்த ஆளைத் தினமும் பயிற்சியில் கண்ணெதிரே பார்த்தவர். ஒரு பெயரை ஓதி ஓதி ஜெயிக்கிற நெருக்கம் அங்கே இருந்தது. அந்த நெருக்கத்தை எவர்ட்டன் விலைக்கு வாங்க முடியவில்லை.

ஸ்வென் மிஸ்லின்டாட் கதையும் அதே திசையில்தான். ஜப்பானின் செரெசோ ஒசாகாவிலிருந்து மூன்றரை லட்சம் யூரோவுக்கு ஷின்ஜி ககாவா ஜெர்மன் கிளப்பான டார்ட்மண்டுக்கு வந்தபோது அதன் பின்னால் இருந்தவர். ஜெர்மானியர்கள் வைரக் கண் என்று பட்டம் சூட்டியவர். 2017 நவம்பரில் ஆர்சனல் அவரை வீரர் சேர்ப்புத் தலைவராக அறிவித்தது. ஆனால் 2018ல் பயிற்சியாளர் வெங்கர் போனார். மிஸ்லின்டாட்டை அமர்த்திய தலைமை நிர்வாகி கசிடிஸும் போனார். அழைத்தவர்கள் இல்லாத வீட்டில் 2019 பிப்ரவரிக்கு மேல் அவரும் இல்லை. விதைத்தவர் அறுவடைக்கு இருக்கவில்லை என்பதால் அவர் தோற்றார் என்று எழுதியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மோன்சிக்கே இத்தாலியின் ரோமா கிளப்பில் சறுக்கியது. 2017ல் அங்கே போன அவருக்கு முதல் கோடையிலேயே நிதி விதிகளின் நெருக்கடி; முகமது சாலாவை லிவர்பூலுக்கு விற்க வேண்டியிருந்தது, 42 மில்லியன் யூரோ அடிப்படை விலைக்கு. அந்த விற்பனையின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தவர் லிவர்பூலின் ஸ்போர்ட்டிங் டைரக்டர் மைக்கேல் எட்வர்ட்ஸ். லிவர்பூலில் அவரோடு இருந்தவர்களில் ஒருவர் இயன் கிரகாம், இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஆட்டங்களை எண்களாக்கிப் படித்தவர். பயிற்சியாளர் கிளாப்பின் மனம் முதலில் ஜெர்மன் வீரர் யூலியன் பிராண்ட் பக்கம் இருந்தது. எட்வர்ட்ஸும் ஸ்கவுட்டுகளும் சாலா, சாலா என்று விடாமல் சொல்லி அவரைத் திருப்பினார்கள். செல்சியில் சாலா சோபிக்காமல் போனதை இங்கிலாந்தே நினைவில் வைத்திருந்தது. இவர்கள் அதன் பிறகு இத்தாலியில் அவர் ஆடியதைப் பார்த்தார்கள். முதல் பருவத்திலேயே லீகில் 32 கோல். 2018 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் ரோமாவுக்கு எதிராக, முதல் ஆட்டத்திலேயே இரண்டு.

எண்கள் வந்த பிறகு கண்ணுக்கு வேலையில்லை என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கான்டே பந்து பறித்த எண்ணிக்கையைக் கணினி தரும். தோற்றுக்கொண்டிருக்கும்போது அவர் முகம் எப்படி இருக்கிறது, தவறு செய்த சக வீரரிடம் என்ன சைகை காட்டுகிறார் என்பதை யாராவது போய்த்தான் பார்த்துவர வேண்டும். எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று எண் சொல்கிறது. உலகம் முழுக்க அலைந்துகொண்டிருந்த கண்ணுக்கு அது பெரிய உபகாரம்.

2019ல் மோன்சி செவில்லாவுக்கே திரும்பினார். 2020லும் 2023லும் மறுபடி யூரோப்பா லீக். 2023ல் அவர் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனபோது பலர் ரோமாவை நினைவூட்டினார்கள். எனக்கோ அந்தச் செய்தியில் முக்கியமாகப் பட்டது வில்லாவின் பயிற்சியாளர் பெயர்: உனாய் எமெரி. 2014, 2015, 2016 என்று தொடர்ந்து மூன்று யூரோப்பா லீக் கோப்பைகளைச் செவில்லாவில் மோன்சியோடு சேர்ந்து வென்றவர். ஒருவர் என்ன மாதிரி ஆளைக் கேட்பார், இன்னொருவர் எந்த ஆளைக் காட்டுவார் என்பது இருவருக்கும் சொல்லாமலே தெரியும். அந்த வகையில் வில்லா ஒரு கண்ணை மட்டும் அமர்த்தவில்லை. அந்தக் கண் பழகிய நிலத்தில் ஒரு பகுதியையும் சேர்த்தே அமர்த்தியது.

2024 பிப்ரவரியில், சேர்க்கைக் காலம் முடியும் தறுவாயில், இரண்டாம் டிவிஷனில் இருந்த மிடில்ஸ்பரோவிலிருந்து மோர்கன் ராஜர்ஸ் வில்லாவுக்கு வந்தார். மான்செஸ்டர் சிட்டியின் இளையோர் அணியில் ஆடி, பல கிளப்புகளுக்கு இரவலாகப் போய்வந்தவர். பெரிய பெயர் இல்லை; அன்றைய செய்திகளில் பெரிய இடமும் இல்லை. அந்தப் பருவத்தில் வில்லா நான்காவதாக முடித்துச் சாம்பியன்ஸ் லீகுக்குத் தகுதி பெற்றது. அடுத்த பருவத்தில் நடுக்களத்தில் பந்தை வாங்கி, உடம்பால் ஆளை ஒதுக்கி, நேரே கோலை நோக்கி ராஜர்ஸ் ஓடிய ஓட்டங்களில் சிலவற்றை நீங்கள் இன்னும் பார்க்கவில்லையென்றால் தேடிப் பாருங்கள். அவர் மிடில்ஸ்பரோ ஜெர்சியில் ஆடிய ஆட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே ஓட்டம் அங்கேயும் இருக்கிறது.