மன்னரை மறுத்த கிருதியும் கம்பெனியின் மெட்டும்

சரபோஜி மன்னரின் அழைப்பைத் தியாகராஜர் மறுத்த கதையைச் சொல்லாமல் 'நிதி சால சுகமா'வைப் பாடுவோர் குறைவு. அதிகாரத்துக்கு இசை சொன்ன பதில் என்று ஒரு சிறிய அரங்கில் கச்சேரி வைத்தால், கல்யாணியில் மிஸ்ர சாபுவில் அமைந்த அந்தக் கிருதிதான் நடுநாயகம். செல்வமா, ராமன் சன்னிதியா என்ற ஒரே கேள்வி பல்லவியில் சங்கதி மேல் சங்கதியாக வளர்வதைக் கேட்டால் யாருக்கும் மனம் இளகும். ஆனால் அதிகாரத்தை எதிர்கொண்டதற்கு அதையே முதல் சாட்சியாக நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. 1798இல் பட்டத்துக்கு வந்த சரபோஜி, மறு ஆண்டே ஒப்பந்தத்தில் நிர்வாகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டார். தஞ்சைக் கோட்டையும் சுற்றுப்புறமும் மானியமும்தான் அவருக்கு மிச்சம். செஞ்சிக் கோட்டையின் கதையும் அதுதான்: 1677இல் அதைச் சிவாஜி பிடித்தார். அவர் குடும்பத்து ஏகோஜி நிறுவியதுதான் தஞ்சை அரியணை. அந்தச் செஞ்சியும் 1761லேயே ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. வரியும் படையும் யாரிடம் இருந்தனவோ, அதிகாரம் அவர்களிடம்தான் இருந்தது.

அந்த அதிகாரத்தின் ஓசையை நேரில் கேட்டவர் முத்துசுவாமி தீட்சிதர். மணலி முதலியார் ஆதரவில் குடும்பம் இருந்த காலத்தில், ஜார்ஜ் கோட்டை பாண்டு வாசித்த மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருத சாகித்தியம் கட்டினார். நோட்டுஸ்வரம் என்று நாம் சொல்வது அதைத்தான். 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டு. காந்தாரத்தை அசைக்காமல், கமகம் சேர்க்காமல், மும்மூன்றாக அடியெடுத்து நேராகப் பாடவேண்டும். மெட்டு அப்படியே இருக்கிறது. மன்னர் இருந்த இடத்தில் சியாமளா தேவி அமர்ந்துவிட்டாள். இது இளமை விளையாட்டு, எதிர்ப்பு அல்ல என்பார்கள். எதிர்ப்பு என்று நானும் சொல்லவில்லை. மறுப்பும் முகஸ்துதியும் இல்லாத மூன்றாவது வழி இது: வாங்கிக்கொண்டு தன்னுடையதாக்குவது. தம்பி பாலுசுவாமி ஐரோப்பியரிடம் கற்ற வயலின் இன்று எல்லா மேடையிலும் இருக்கிறது. தியாகராஜர் கதை பின்னால் எழுதிய சரிதங்கள் வழியாக வந்தது. நோட்டுஸ்வரத்துக்கோ கதையே வேண்டாம், பாட்டே சான்று.

அப்படியானால் அரசர்களைப் பாடிய தஞ்சை நால்வர் விலைபோனவர்களா? ஒருபோதும் இல்லை. அவர்கள் வர்ணங்கள் இன்றும் பரதத்தின் முதுகெலும்பு. ஆதரித்தவரின் பெயர் அதில் வருவது அன்றைய வழக்கம். கச்சேரி பக்திக்கானது, அரசியலை ஏன் இழுக்கவேண்டும் என்ற கேள்விக்குக் கோபாலகிருஷ்ண பாரதியே பதில். கிராமத்தில் அதிகாரம் என்பது நிலம். பெரிய புராணத்தில் இல்லாத வேதியரை, நந்தனின் பண்ணை முதலாளியாக, 'நந்தனார் சரித்திர'த்தில் அவர்தான் படைத்தார். சிதம்பரம் போக நந்தன் அந்த வேதியரிடம் கெஞ்சி அனுமதி கேட்கிறான். பக்தியே அங்கே அதிகாரத்தின் வாசலில் காத்து நிற்கிறது. அந்தக் கீர்த்தனைகளைக் கடைசியில் துக்கடாவாக அவசரமாகப் பாடி முடிப்பது எனக்கு வருத்தம் தருகிறது. அதிகாரம்தான் தலைப்பு என்றால், தனி ஆவர்த்தனம் வரும் பிரதான இடத்தை ஒரு தடவையாவது மாஞ்சியின் 'வருகலாமோ'வுக்குக் கொடுத்து, அந்தக் கேள்வியை அவசரமில்லாமல் விரித்துப் பாடட்டும்.