லவ்கிராப்ட்டின் தலையும் ஜின்களின் கதையும்

அமெரிக்காவில் 1975இல் தொடங்கிய உலக மிகுபுனைவு விருதின் சின்னம் நெடுங்காலம் எச். பி. லவ்கிராப்ட்டின் தலைச்சிற்பமாகவே இருந்தது. அப்துல் அல்ஹஸ்ரத் என்னும் 'பித்துப்பிடித்த அரபி'யைத் தீய நூலொன்றின் ஆசிரியனாகக் கற்பித்தவர் அவர். (அரபு இலக்கணப்படி அப்பெயரே பிழை, 'அல்' இருமுறை வருகிறது.) 2013இல் அச்சிற்பம், இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்க எழுத்தாளர் ஜி. வில்லோ வில்சனின் 'அலிஃப் தி அன்சீன்' நாவலுக்குக் கிடைத்தது. இதிலும் ஒரு மர்மநூல் உண்டு. ஜின் சொல்ல மனிதன் எழுதியது. ஆனால் அது பித்தனின் பிதற்றலன்று. ஜின்களும் கீழைநாட்டு வேடிக்கையாக அன்றி, குர்ஆன் கூறும் படைப்பினமாகவே உலவுகின்றன. பிற்பகுதி வெறும் துரத்தல் கதையாகச் சரிவது குறைதான். மறு ஆண்டு விருதேற்ற சோஃபியா சமத்தர், அச்சிற்பம் குறித்த தம் சங்கடத்தை மேடையிலேயே சொன்னார். லவ்கிராப்ட்டின் இனவெறிக்கு எதிரான குரல்கள் வலுக்கவே, 2015இல் அது கைவிடப்பட்டது. பின்னர் வந்த சின்னம் ஒரு மரமும் முழுநிலவும்.