அவையில் வினாவும் விடையும்: முந்த்ரா விவாதம் பற்றிய ஓர் ஆய்வு

வினாவும் விடையும் சொல்லிலக்கணத்தின் பகுதிகளாகவே நம் முன்னோரால் கருதப்பெற்றன. தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே செப்பும் வினாவும் வழுவாது காக்கப்பெறல் வேண்டும் என்று விதித்தார். பின்வந்த பவணந்தியார் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தார். மாணவர் இவ்வகைகளைத் தேர்வுக்கென மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். ஒரு நாட்டின் பொதுப்பணம் போன வழி வினாவாலும் விடையாலுமே வெளிப்பட வேண்டிய இடத்தில் இவ்விலக்கணம் எத்துணைப் பயன்படும், எங்கே போதாது நிற்கும் என்று காண்பதே ஈண்டு நம் நோக்கம். அதற்கு நாம் எடுத்துக்கொண்ட பனுவல், 1957ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் மக்களவையில் பெரோஸ் காந்தி நிகழ்த்திய உரையும் அதனைச் சூழ்ந்த விவாதமும் ஆகும்.

செய்தி சுருக்கமானது. 1956ஆம் ஆண்டு ஆயுள் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையாயிற்று; ஆயுள் காப்பீட்டுக் கழகம் தோன்றியது. மறு ஆண்டு ஜூன் மாதத்தில் அக்கழகம் ஹரிதாஸ் முந்த்ரா என்னும் வணிகரின் ஆறு கம்பெனிகளின் பங்குகளை ஏறத்தாழ 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. முதலீடு பற்றி அறிவுரை கூறுதற்கென்றே அமைந்த குழுவைக் கலந்துகொள்ளவில்லை. கொடுத்த விலையும் சந்தை விலையினும் மிகுதி. செப்டம்பரில் ராம் சுபக் சிங் இதுபற்றி அவையில் வினவினார். உண்மை முழுவதும் அப்போது வெளிவரவில்லை. டிசம்பரில் பெரோஸ் காந்தி எழுந்தார். அவர் ரேபரேலித் தொகுதியின் உறுப்பினர், ஆளுங்கட்சியினர், தலைமையமைச்சரின் மருமகர். விடை கூற வேண்டியவர் சென்னையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பெற்ற நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி.

இவ்வுரையைப் பற்றி எழுதுவோர் பலரும் அதன் தொடக்கத்தையே எடுத்துக்காட்டுவர். தாம் வன்மையாக அடிக்கப்போவதாகவும், எதிர்த்தரப்பினரிடமும் டி.என்.டி. என்னும் வெடிமருந்து நிறைய உண்டென அறிந்திருப்பதாகவும் அவர் கூறினார். அமைச்சரின் பெயரெழுத்துகளோடு ஒலியொத்த அச்சிலேடை அவையைச் சிரிக்கச் செய்திருக்கும். ஆயினும் உரையின் ஆற்றல் அங்கில்லை என்பதே நம் கருத்து. சிலேடை அவையின் செவியைத் திருப்பியது, அவ்வளவே. அதன்பின் வரும் பகுதிகள் நாளும் விலையும் பங்குக் கணக்குமாக வறண்டு நடக்கின்றன. எந்நாளில் வாங்கினர், அந்நாளில் சந்தையில் விலை யாது, கொடுத்தது யாது என அடுக்கிச் செல்லும் அவ்வறட்சியே அமைச்சருக்கு ஒதுங்க இடமின்றிச் செய்தது. அணிநலம் தேடும் திறனாய்வாளர் இத்தகைய பகுதிகளைப் பக்கம் தள்ளிச் செல்வது வழக்கம். அவ்வழக்கம் இங்கே பெரும்பிழையாய் முடியும்.

இனி வினாவின் இயல்பை நோக்குவோம். பவணந்தியாரின் ஆறனுள் அறிவினா என்பது, விடையறிந்தவன் பிறன் அறிவை அளத்தற்கு வினாவுவது; ஆசிரியன் மாணவனை வினாவுதல் போல்வது. அறியாவினா தெரியாதவன் தெரிந்துகொள்ளக் கேட்பது. பெரோஸ் காந்தியின் வினாக்கள் இவற்றுள் எதனுள் அடங்கும்? அவர் விடையை அறிந்தே வந்தார். ஆதலின் அறியாவினா அன்று. அமைச்சரின் அறிவை அளப்பதும் அவர் நோக்கமன்று. ஆதலின் அறிவினாவும் முழுதும் பொருந்தாது. தாம் அறிந்த ஒன்றை, விடையிறுக்கும் கடப்பாடுடையவர் வாயாலேயே அவைநடுவே சொல்லச் செய்வது அவ்வினா. இதற்கு ஏழாவது ஒரு பெயர் வேண்டும். நாம் ஒப்புக்கோள் வினா என்று வழங்கலாம்.

இலக்கணம் பெயரிடாத இதனை இலக்கியம் அறியாமலில்லை. சிலப்பதிகார வழக்குரை காதையில் கண்ணகி சிலம்பை உடைக்குமுன், தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். பாண்டியன் தன் மனைவியின் சிலம்பில் உள்ளவை முத்து என்கிறான். அரசன் அச்சொல்லைத் தன் வாயால் சொன்ன பின்னரே உடைந்த சிலம்பு சான்றாகிறது. நாளையும் விலையையும் முன்னே நிறுத்திப் பின் வினாவிய பெரோஸ் காந்தியின் முறையும் இத்தகையதே.

ஒப்புமை இதற்கு மேல் செல்லாது. வேற்றுமையே நம்மை ஆழ்ந்து எண்ணச் செய்கிறது. பாண்டியன் பொற்கொல்லன் சொற்கேட்டதைக் குறிப்பிடுகிறான். எனினும் குற்றத்தை அவன்மேல் ஏற்றாது தன்மேலே கொள்கிறான். நிதியமைச்சரோ அவ்வாங்குதலுக்குத் தாம் இசைவு தரவில்லை என்றார். அமைச்சின் முதன்மைச் செயலாளர் எச். எம். பட்டேல் அமைச்சரின் இசைவு இருந்ததென்றார். 1958 ஜனவரியில் பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா ஒருநபர் ஆணையமாக அமர்ந்து பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்து, மறுமாதமே அறிக்கை தந்தார். செயலாளரின் செயலுக்கு அரசியலமைப்பு முறைப்படி அமைச்சரே பொறுப்பு என்பது அவர் முடிபு. அமைச்சர்கள் தொடக்கத்திலேயே செய்திகளனைத்தையும் பாராளுமன்றத்தின்முன் வைத்தல் வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். அம்மாதமே நிதியமைச்சர் பதவி துறந்தார். பின்னர் 1962இல் அவர் மீண்டும் அமைச்சரவையில் இடம்பெற்றதும் உண்டு.

விடைவகை எட்டனுள் முதல் மூன்றும் நேர்விடை. எஞ்சிய ஐந்தும் குறிப்பால் விடையாவன. இதைச் செய்வாயா என்றதற்குக் கால் வலிக்கும் என்றால் மறுப்பு விளங்கும். அங்கே இருவரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ள விரும்புகின்றனர் என்பது இலக்கணத்தின் சொல்லாத கோட்பாடு. அவையில் அக்கோட்பாடு நிற்பதில்லை. செய்திகள் திரட்டப்பெறுகின்றன, பின்னர் அவைமுன் வைக்கப்பெறும் என்னும் நெடுநாள் வழக்குடைய விடை, உறுவது கூறல் போன்ற வடிவுடையது. ஆனால் அது ஆம் என்றோ அன்று என்றோ எதனையும் குறிப்பிப்பதில்லை. இழப்பு எவ்வளவு என்று கேட்டால் சென்ற ஆண்டின் வளர்ச்சியைச் சொல்வது இனமொழி. அமைச்சர் பலர் நன்னூல் படியாமலே இவ்வகைகளில் வல்லவராய் இருப்பது வியப்பே! இத்தகைய குறிப்புவிடையை நேர்விடையாக மாற்றும் கருவி ஒன்றே: எழுத்தில் தந்த வினாவுக்குப் பின் அவ்விடத்திலேயே எழும் துணைவினா.

பிறிதொன்றும் கருதத்தக்கது. விடை அவைக்குள் அடங்கினால் ஒப்புக்கோள் பாதியளவே பயன்தரும். பாராளுமன்ற நடவடிக்கைகளை உள்ளவாறு வெளியிடும் செய்தித்தாள்களுக்குக் காப்பளிக்கும் 1956ஆம் ஆண்டுச் சட்டமும் பெரோஸ் காந்தி தனி உறுப்பினராய்க் கொணர்ந்ததே. அவர் 1960இல் மறைந்தார். அச்சட்டம் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், நீக்கப்பெற்றது. 1977இல் மீண்டும் இயற்றப்பெற்றது. அடுத்த ஆண்டின் 44ஆம் திருத்தம் அக்காப்பினை அரசியலமைப்பிலேயே சேர்த்தது.

2020ஆம் ஆண்டு செப்டம்பரில், கொள்ளைநோயைக் காரணங்காட்டி, மக்களவையும் மாநிலங்களவையும் வினாநேரமின்றிக் கூடின. எழுத்துவினாக்களுக்கு எழுத்துவிடைகள் வழங்கப்பெற்றன. எழுத்துவிடைக்குத் துணைவினா இல்லை. உறுவது கூறலும் இனமொழியும் அத்தொடர் முழுவதும் மறுவினா எதிர்கொள்ளாமலே விடையென நின்றன.