பாடத்திட்டத்தில் விடுபட்ட மனிதன்

சுற்றுச்சூழற் கல்வி கட்டாயமாக்கப்பட வேண்டுமென 1991ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பணித்தது. அதன் பயனாகப் பல்கலைக்கழக மானியக் குழு இளங்கலை மாணவர் அனைவருக்கும் பொதுவாக வகுத்த பாடத்திட்டம் 2004 அளவில் கல்லூரிகளுக்கு வந்தது. அலகுகள் எட்டு, விரிவுரைகள் ஐம்பது. வளங்குன்றா வளர்ச்சி என்னும் பொருளை வகுப்பறைக்குள் கொணர்ந்த அம்முயற்சி போற்றத்தக்கதே. ஆயினும் அதன்கண் ஒரு குறையுண்டு.

இக்கருத்தை உலகறியச் செய்தது 1987ஆம் ஆண்டின் புருண்ட்லாண்ட் ஆணைய அறிக்கை. வளங்குன்றா வளர்ச்சியுள் இரு கூறுகள் அடங்குமென அது கூறுகிறது. ஒன்று, தேவை, அதிலும் ஏழைகளின் அடிப்படைத் தேவைக்கே முதலிடம். மற்றொன்று, எல்லை. நமது பாடத்திட்டம் எல்லையை விரிவாகக் கற்பித்தது. தேவையைச் சில தலைப்புகளில் தொட்டு நின்றது. இக்குறை களப்பணி பற்றிய எட்டாம் அலகில் வெளிப்படையாகத் தெரிகிறது. ஆறு, காடு, குளம், பறவை, மாசுற்ற இடம் ஆகியவற்றைக் கண்டு வருமாறு அது மாணவனை அனுப்புகிறது. அவ்விடத்தில் உழைப்பவனைக் கண்டு பேசுமாறு கூறவில்லை.

காஞ்சிபுரத்தை எண்ணிப் பார்ப்போம். சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் பட்டு நூலின் பசையை நீக்கிய பின்னரே சாயம் ஏற்றுவர். அக்கழிவுநீர் எங்குச் செல்கிறது என்பது முதற் கேள்வி. ஆனால் அந்நூல் தறிக்குச் சென்ற பின் எழும் கேள்விகளும் உள. கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். ஒரு கரையின் நாடாவைத் தள்ள உதவியாள் ஒருவர் வேண்டும். பல வீடுகளில் சிறுவரே அவ்வேலையைச் செய்த காலமும் உண்டு. நீர் தெளிந்து, சிறுவன் பள்ளிக்குச் செல்லாதிருப்பின், அது வளங்குன்றா வளர்ச்சியாகுமா?

பாலாற்றைத் தோல் பதனிடும் தொழிலகங்கள் மாசுபடுத்திய வழக்கில், 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை நாட்டுச் சட்டத்தின் பகுதியென ஏற்றது. அதே பாலாறு காஞ்சிக்குத் தெற்கே ஓடுகிறது. இங்கே மாசுபடுத்தியவர் யார்? சாயம் தோய்த்த கூலியாளா, கூலியை வரையறுத்த முதலாளியா, மலிவை நாடிய நாமா? இவ்வினாவை மாணவன் சாயப்பட்டறையின் வாயிலில் நின்று கேட்கக் கற்றால், அதுவே கல்வி.

2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் பாடத்திட்டம் மாற்றி வகுக்கப்பட்டுள்ளது. ஏடு மாறினும், ஆசிரியர் வகுப்பறையை விட்டு நெசவாளர் தெருவுக்குள் நடவாதவரை குறை நீங்காது. அத்தெருவின் பிள்ளைகள் நம் வகுப்பில் அமர்ந்திருக்கக்கூடும் என்பதை மறவாதிருப்போமாக.