செப்புத் தகட்டில் விடுபட்ட போர்

காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஹிஜ்ரி 1194 ரமளான் மாதத்தில், அதாவது 1780 செப்டம்பர் 10 அன்று, ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை முறியடித்தனர். காஞ்சியில் இருந்த ஹெக்டர் மன்றோ, கனத்த பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னையை நோக்கிப் பின்வாங்கினார். அவ்வேளையில் சென்னையில் வில்லியம் ஹாட்ஜஸ் என்ற ஆங்கில நிலக்காட்சி ஓவியர் தங்கியிருந்தார் என்பது நம்மவர் பலரும் கவனியாத செய்தி.

போர் அவரை உள்நாட்டுக்குச் செல்லவிடவில்லை. கிராம மக்கள் தஞ்சம் தேடிச் சென்னைக்குள் வந்து குவிந்ததை 1793இல் வெளியிட்ட தம் பயண நூலில் உருக்கமாகவே எழுதியுள்ளார். ஆனால் 1785 முதல் 1788 வரை அவர் வெளியிட்ட 48 இந்தியக் காட்சி அச்சுப்படங்களில் நாம் காண்பவை பெரும்பாலும் வடநாட்டுக் கோட்டைகளும் பள்ளிவாசல்களும் அடக்கத்தலங்களுமே. எழுத்தில் இடம்பெற்ற துயரம் செப்புத் தகட்டில் ஏறவில்லை.

இப்படங்களை நம் மலர்களிலும் நூல்களிலும் சான்றாவணம் போல எடுத்தாளுகிறோம். அவை ஒளிப்படங்கள் அல்ல. அக்கால இங்கிலாந்தில் ஓவியங்களைப் படியெடுக்கப் பெரிதும் கையாளப்பட்ட மெஸ்ஸோடின்ட் முறையில், பற்கள் நிறைந்த வளைந்த உளியால் தகடு முழுவதும் சொரசொரப்பாக்கப்படும். அப்படியே அச்சிட்டால் முழுக்கறுப்பே விழும். சுரண்டிச் சுரண்டியே வெளிச்சத்தை வரவழைக்க வேண்டும். கான்ஸ்டபிளின் நிலக்காட்சிகளை 1830களின் தொடக்கத்தில் டேவிட் லூக்காஸ் இம்முறையில் செதுக்கியபோது, ஓவியர் ஒவ்வொரு மாதிரிப் படியிலும் மேகத்தையும் நிழலையும் மாற்றச் சொல்லி அவரை ஓயவிடவில்லை. ஹாட்ஜஸ் கையாண்ட அக்வாடின்ட் இதற்கு எதிர்த்திசையில் செல்வது. குங்கிலியத் தூள் படிந்த தகட்டை அமிலம் படிப்படியாக அரிக்க, வெண்மையிலிருந்து இருள் வளரும். இரண்டிலும் எங்கே ஒளி விழவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கதிரவன் அன்று, கலைஞனின் கை.

ஆகவே அவர் பள்ளிவாசல்களின் மீது கவிந்திருக்கும் அந்த அந்தி மயக்கம், அவற்றின் அன்றைய நிலையை மட்டும் சொல்வதாகக் கொள்ளலாகாது. சிதைவில் அழகு கண்ட ஓர் ஆங்கிலச் சுவையும் அதில் பேசுகிறது. தொழுகைக்கு வருவோர் அங்கே கட்டடத்தின் அளவைக் காட்டும் சிற்றுருவங்களாகச் சுருங்கிவிடுகின்றனர். வெறுப்பினால் அவ்வாறு செய்தார் என்று நாம் கருதவில்லை. முகலாயக் கட்டடக்கலையை மதித்த ஆங்கிலேயருள் அவர் முன்னோடி. மதிப்பும் ஒருவகையில் மறைக்கக்கூடும்.

இனி, சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரை நோக்குக. திப்பு 1784இல் தீட்டச் செய்த புள்ளலூர்ப் போர் அங்குள்ளது. அதுவும் மூலப்பிரதி என்று பெருமை கொள்வதற்கில்லை. டல்ஹௌசியின் ஆணையால் 1855இல் மறுபடியும் தீட்டப்பட்டது. ஆயினும் அந்தப் படியில் போர் விடுபடவில்லை. நிழல் என்பதே இல்லை. தொலைவில் நிற்பவனும் அருகில் நிற்பவனும் ஏறத்தாழ ஒரே அளவில். வெடித்துச் சிதறும் மருந்து வண்டி, பல்லக்கினுள் காயமுற்ற பெய்லி, வரிசை வரிசையாகக் குதிரை வீரர்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு முகம்.