கேட்பவரின் வாகு

நன்னூல் பாயிரத்தில் பவணந்தியார் மாணாக்கரை எட்டு உவமைகளால் வகுத்திருக்கிறார். அன்னமும் பசுவும் தலை, மண்ணும் கிளியும் இடை, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி நான்கும் கடை. தமிழாசிரியர்கள் பலருக்கு இந்தப் பட்டியல் மனப்பாடம். அதே பாயிரத்தில், பாடம் சொல்லும் முறையைப் பேசுமிடத்தில், கேட்பவன் எப்படி வாங்கிக்கொள்வான் என்று அறிந்து அவன் மனம் ஏற்கும்படி கொடு என்றும் சொல்லியிருக்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் முதலாவது ஆளுக்குப் பெயர் வைக்கிறது, இரண்டாவது ஆளைப் பார்க்கச் சொல்கிறது. ஆளுமை வகை பார்த்து அறிவுரை சொல்லும் இன்றைய பழக்கம் முதலாவதை இறுகப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டது என்பது என் எண்ணம்.

இப்போது அதிகம் புழங்குவது மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனை. கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட உளவியல் வகைகள் பற்றிய நூலை ஒட்டி, அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கியது. நான்கு கோடுகள். ஒவ்வொன்றிலும் நீங்கள் இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம். ஆக 16 வகை மனிதர்கள்.

இதில் நன்மை இல்லாமல் இல்லை. நமக்கு எது பலித்ததோ அதையே அடுத்தவருக்கும் அறிவுரையாகச் சொல்வது நம் வழக்கம். கலகலப்பான அத்தை கூச்சப்படும் பிள்ளையிடம் "நாலு பேரோட பழகு, எல்லாம் சரியாயிடும்" என்கிறார். அவருக்கு அப்படித்தான் சரியானது. இந்தப் பிள்ளையின் மனம் வேறு விதமாக ஓடக்கூடும் என்ற நினைப்பை வகைகள் அத்தைக்குத் தருகின்றன. அந்த ஒரு நிமிடத் தயக்கம் பெரிய லாபம்.

நஷ்டம் அதற்கு அடுத்த நிமிடத்தில் தொடங்குகிறது. பெரும்பாலான மனிதர்கள் கோட்டின் இரு முனைகளிலும் இல்லை, நடுவில் இருக்கிறார்கள். நடுக்கோட்டுக்கு இப்புறம் ஒரு புள்ளி, அப்புறம் ஒரு புள்ளி என்று நிற்கும் இருவருக்கு எதிரெதிர்ப் பெயர் கிடைத்துவிடுகிறது. சில வாரங்கள் கழித்து மறுபடி எழுதினால் வேறு வகை வருகிறவர்களும் கணிசம். ஆனாலும் படிக்கும்போது "அப்படியே நான்தான்" என்று தோன்றும். அந்த உணர்வை எவ்வளவு நம்பலாம் என்பதை பெர்ட்ராம் ஃபோரர் 1949இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். 39 மாணவர்களுக்கு அவரவர் ஆளுமைக் குறிப்பு என்று சொல்லி ஒரே தாளைக் கொடுத்தார். ஐந்துக்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் போட்டு, பொருத்தம் என்றார்கள்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இந்தச் சோதனை நடந்தது. அதிகம் பேசாத ஒரு பெண்ணிடம் மேலாளர், "உனக்கு கிளையண்ட் மீட்டிங் ஒத்துவராதும்மா, உள்வேலையே பாரு" என்றார். அக்கறையோடுதான் சொன்னார். அந்தப் பெண்ணுக்குப் பேசக் கூச்சம் இருந்தது ஆங்கிலத்தில் மட்டும். தமிழில் அவர் பேசினால் மொத்த அறையும் கேட்கும்.

ஆளுக்கேற்ற ஆலோசனை என்ற எண்ணத்தைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது அமெரிக்காவில் குடிநோயாளிகளிடம் நடந்த புராஜெக்ட் மேட்ச். 1,726 பேர், மூன்று விதமான பேச்சுச் சிகிச்சை, 12 வாரம். எந்தக் குணத்தாருக்கு எந்தச் சிகிச்சை பொருந்தும் என்று முன்கூட்டியே பல கணிப்புகளை எழுதிவைத்துக்கொண்டு இறங்கினார்கள். 1997இல் முடிவு வந்தபோது மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். கணிப்புகளில் நின்றவை மிகச் சில. அவற்றில் ஒன்று என் மனதில் தங்கிவிட்டது. எளிதில் கோபப்படுகிறவர்களுக்கு, வழிமுறை கற்றுத்தரும் சிகிச்சையைவிட, வற்புறுத்தாமல் அவர்கள் வாயாலேயே காரணத்தை வரவழைக்கும் சிகிச்சை நன்றாக உதவியது. அதில் அமர்வுகளே நான்குதான்.

எங்கள் பெரியப்பாவும் எளிதில் கோபப்படும் ரகம், பிடிவாதக்காரர். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், சர்க்கரை நோயாளி. பிடிவாதக்காரரிடம் கறாராகத்தான் பேச வேண்டும் என்று நானே முடிவு செய்து, "பெரியப்பா, டீயை நிறுத்துங்க, இல்லேன்னா காலை எடுக்க வேண்டி வரும்" என்று பயமுறுத்தினேன். அவர் எழுந்து போய்க் கடையில் இன்னொரு டீ குடித்தார். மருத்துவமனையில் நர்ஸம்மா வேறு மாதிரி கேட்டார். "அய்யா, ஒரு நாளைக்கு எத்தனை டீ? எப்பெப்போ?" பெரியப்பா கணக்குச் சொன்னார். விடியற்காலை நாலு மணி டீ முதல் டிரிப்புக்காக வந்த பழக்கம். மூன்றரை மணி டீ தூக்கம் கலைக்க. ஆறு மணி டீ சும்மா, பேச்சுத்துணைக்கு. "இதுல எது இல்லாம இருக்க முடியும்னு நினைக்கிறீங்க?" என்றார் நர்ஸ். பெரியப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆறு மணி டீயைக் காட்டிக்கொடுத்தார்.

நான் அவருடைய வகையைச் சரியாகவே கண்டுபிடித்திருந்தேன். அதற்கான மருந்தைத்தான் தலைகீழாக எழுதினேன். பிடிவாதம் என்ற பெயர் தெரிந்ததும், அவரிடம் கேட்க வேறெதுவும் இல்லை என்று நினைத்துவிட்டேன்.

நர்ஸம்மா போல் கேட்டுப் பார்க்கும் வழிக்கு ஒரு விலை உண்டு, நேரம். வெளியே வரிசையில் காத்திருப்பவர்களை வைத்துக்கொண்டு ஒருவரிடம் டீக்கணக்குக் கேட்க எல்லா நர்ஸாலும் முடியாது. ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியருக்கும் அதே கதி. வகைகள் பிழைத்திருப்பதற்குக் காரணமே அவை ஒரு தாளில் முடிந்துவிடுவதுதான். அந்த அவசரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் இருக்கும் நமக்கு அந்த வரிசை இல்லை.

பெரியப்பாவின் மூன்றரை மணி டீ இன்னும் தொடர்கிறது. போன வாரம் போயிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, அந்த நேரத்தில் தூக்கம் வருவது ஏன் என்று கேட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் கால் எரிச்சலில் தூங்குவதே இல்லை என்றார்.